மாத்திரை இருவருக்கும்

ஆசிரியருக்கு,

பால்வினைத் தொற்று என்றதும் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று கணவர் ஒதுங்கிக்கொள்கிறார். பாக்டீரியாவால் வரும் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. மனைவிக்குக் குணமானாலும் கணவரிடமிருந்து மறுபடி தொற்றும், பழியோ மருந்தின்மேல்.

கிளமிடியாவுக்கு வழக்கமான மருந்து டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். கர்ப்பிணிக்கு இது ஆகாது. அவருக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை. மூன்றாம் நாளே வெள்ளைப்படுதல் குறைந்ததென்று பாதியில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இருவரும் சிகிச்சையை முடிக்கும்வரை உறவு கூடாது. அசித்ரோமைசின் என்றால் விழுங்கியபின் 7 நாள்.

ஆணுறையோடு தேங்காயெண்ணெய் சேர்ப்போரும் உண்டு. சில நிமிடங்களில் ரப்பர் நலிந்து கிழியும். நீர் சார்ந்த ஜெல்லே சரி.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். சந்தேகம் கேட்க 1097 என்ற தொலைபேசி எண். கணவரை அழைத்துவரும் பாரத்தையும் மனைவி தலையிலேயே கட்டாமல், மருத்துவமனைகளே இருவருக்கும் சேர்த்துச் சீட்டு எழுதட்டும்.

– ஆலோசகர் ஒருவர், மதுரை