ஓய்வுக்குப் பிறகு குழல் பழகும் நண்பனுக்கு

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள மாப்ளே சிவசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. நாங்களும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு. நடவு மும்முரம், ஆள் கிடைப்பதுதான் பாடு.

நீ கேட்ட சங்கதிக்கு வருகிறேன். புல்லாங்குழல் பழக ஆசை, ஆனால் "இந்த வயசில் கத்துக்கிட்டு மேடையா ஏறப் போறேன்?" என்று எழுதியிருக்கிறாய். மாப்ளே, மேடை ஏறப் போவதில்லை என்பதுதான் உனக்கு வாய்த்த பெரிய வசதி. கச்சேரி செய்கிறவர் ரெண்டு மணி நேரத்துக்கு உருப்படி சேர்க்க வேண்டும், சபைக்குப் பிடித்ததை வாசிக்க வேண்டும், உடம்பு சரியில்லாத நாளிலும் வாசிக்க வேண்டும். நீ ஒரே ராகத்தை ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பூரா ஸட்ஜத்தை, அதாவது ஸ என்ற முதல் ஸ்வரத்தை மட்டும் ஊதிவிட்டு எழுந்திருக்கலாம். எவனும் கேட்க முடியாது. ஆனால் ஒன்று. மேடை இல்லாதவனுக்குக் கூலி வேறெங்கிருந்தும் வராது. உட்காருகிற இருபது நிமிஷத்துக்குள்ளேயே அன்றைய கூலி கிடைத்துவிட வேண்டும். அப்படிக் கிடைக்கிற மாதிரி பழக்கத்தை அமைத்துக்கொண்டால் நிலைக்கும். இல்லாவிட்டால் குழல் பரணுக்குப் போய்விடும்.

அதனால் எதற்காகக் கற்கிறோம் என்பதை முதலில் உனக்குள்ளேயே கேட்டுக்கொள். நாலு பேரோடு சேர்ந்து பாடும் சந்தோஷம்தான் வேண்டுமென்றால் குழல் அதற்குத் தோதல்ல, நெடுநாள் தனியாக ஊத வேண்டியிருக்கும். அதற்கு நம் பக்கம் வள்ளி கும்மி இருக்கிறது. கும்மியாசிரியர் பாட்டும் அடியும் சேர்த்தே சொல்லித் தருவார், வரிசையில் நின்ற முதல் வாரமே நீயும் கூட்டத்தில் ஒருத்தன். பெண்களும் சரிக்குச் சரியாக ஆடுகிறார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இதில் பெண்களைப் பழக்கியவர் என்றுதான் கோவைப் பக்கத்து பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வந்தது. கும்மி வேண்டாமென்றால் கோயில்களில் தேவார வகுப்பு நடக்கிறது. குரல் சுமாராக இருந்தாலும் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். இதெல்லாம் இல்லை, தனியாக உட்கார்ந்து ஒரு சத்தத்தைச் சுத்தமாக்கிப் பார்க்கும் ஆசைதான் என்றால் குழலுக்கு நிகர் கிடையாது.

நீ குடியிருக்கும் பல்லடத்துக்கும் குழலுக்கும் ஏற்கனவே சொந்தம் உண்டு. குழலைக் கச்சேரி வாத்தியமாக்கிய பெருமை சரப சாஸ்திரியைச் சேரும். அவருடைய சீடர்தான் பல்லடம் சஞ்சீவ ராவ். 1943இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். ஊர்ப் பேரைத் தன் பேரோடு சேர்த்துக் கடைசிவரைக்கும் கொண்டுபோன மனுஷர்.

இனிக் குழல் வாங்குவது. தேர் நோம்பிக் கடையில் பலூனோடு தொங்குவதை வாங்காதே. அதில் துளைகள் கண்மதிப்பில் சுட்டவை, எவ்வளவு சாதகம் செய்தாலும் ஸ்வரம் சேராது. கர்நாடக சங்கீதத்துக்கென்று செய்த குழல் என்று கேட்டு வாங்கு. வாய் வைக்கும் துளை ஒன்று, விரல் துளை எட்டு. அதில் ஏழுக்குத்தான் விரல், எட்டாவது திறந்தே கிடக்கும். சுருதி ஐந்து கட்டையோ ஆறு கட்டையோ எடு. கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு, அது கூடக் கூடக் குழல் குட்டையாகும். இரண்டரைக் கட்டைக் குழல் கேட்க ரொம்பச் சுகமாக இருக்கும், ஆனால் மூங்கில் நீளம், துளை இடைவெளி அதிகம், நம் வயசு விரல் எட்டாமல் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் மத்திய ஸ்தாயி ஸவையும் (நடு அடுக்கின் ஸ) அதற்கு மேல் அடுக்கின் ஸவையும் ஊதச் சொல். ரெண்டும் ஒன்றோடொன்று சேராவிட்டால் மூங்கில் உட்குடைவிலோ துளை இடத்திலோ கோளாறு, அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. துளை ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்.

உங்கள் ஊரில் முக்கியமான சிக்கல் காற்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உன் வீட்டு மேற்கு ஜன்னலைத்தான் முதலில் தள்ளும். உதட்டிலிருந்து போகும் மூச்சு மெல்லிய பட்டையாகத் துளையின் எதிர் விளிம்பில் பட்டுப் பிரிந்தால்தான் சத்தம் வரும். குறுக்கே சிறு காற்று அடித்தாலும் அந்தப் பட்டை விலகி வெறும் "உஸ்" என்றுதான் கேட்கும். மின்விசிறியும் அப்படியே. நிறையப் பேர் விசிறிக்கடியில் உட்கார்ந்து ஊதிப் பார்த்துவிட்டு நமக்கு வாய் அமையவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கிழக்கு அறையில் மேற்குப் பக்கத்தைச் சாத்திக்கொண்டு உட்கார். முதல் வாரங்களில் தலை கிறுகிறுக்கும், தேவைக்கு மேல் மூச்சை விடுவதால் வருவது. உடனே குழலை வைத்துவிட்டுச் சித்த நேரம் சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகும். பல்செட் மாற்றினால் உதட்டின் அமைப்பும் மாறும், ஒரு வாரம் தடுமாறும், பயப்படாதே.

விடாமல் சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும் தம்புரா இல்லாமல் ஒரு நாளும் ஊதாதே. கைப்பேசிச் செயலி போதும், சின்ன ஸ்பீக்கரில் சேர்த்துக்கொள். நீ ஸ ஊதும்போது தம்புரா ஸவோடு கொஞ்சம் விலகியிருந்தால் சத்தத்தில் ஒரு அலைவு கேட்கும். விநாடிக்கு நாலு அதிர்வு வித்தியாசமென்றால் விநாடிக்கு நாலு தடவை எழும்பி அடங்கும். குழலை உதட்டுப் பக்கம் துளி உருட்டினால் துளை சற்று மூடி ஸ்வரம் இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். உருட்ட உருட்ட அலைவு மெதுவாகி, ஓர் இடத்தில் நின்றுவிடும். நின்ற அந்தக் கணம் குழலும் தம்புராவும் ஒரே சத்தமாகி அறை நிறைந்த மாதிரி இருக்கும். நான் கூலி என்று சொன்னது இதைத்தான். இதற்கு ராகம் தெரிய வேண்டாம், தாளம் தெரிய வேண்டாம். முதல் மாசத்திலேயே கிடைத்துவிடும். ஒன்று மட்டும் கவனி: குளிர்ந்த குழலை வைத்துச் சுருதி சேர்க்காதே. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும், அதோடு குழலின் ஸ்வரமும் ஏறும். 10 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், அடுத்தடுத்த ரெண்டு ஸ்வர ஸ்தானங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஐந்து நிமிஷம் ஊதி மூங்கில் சூடானதும் பார்.

வாய்ப்பாட்டுக்காரர்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவார்கள். குழலில் அது சிரமம், ரி, த, நி மூன்றுக்கும் பாதித் துளை மூட வேண்டும். வாத்தியாரிடம் அரிகாம்போதி ராகத்தில் தொடங்கலாமா என்று கேள். மேலிருந்து முதல் ரெண்டு துளை மூடினால் ஸ, ஒன்று மூடினால் ரி, எல்லாம் திறந்தால் க. பிறகு ஆறு மூடி ம, ஐந்து மூடி ப, நாலு மூடி த, மூன்று மூடி நி. எதிலும் பாதித் துளை இல்லை. பாட்டைக் கெடுப்பது கவிலிருந்து மவுக்குப் போகும் இடம். எல்லாம் திறந்திருந்த நிலையிலிருந்து ஆறு விரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு விரல் பிந்தினால் நடுவில் வேண்டாத ஸ்வரம் ஒன்று கீச்சிடும். விரல் சரியாக விழுந்தும் மூச்சு மாறாவிட்டால் ம கீழ் ஸ்தாயியில் போய் விழும். உதட்டு இடுக்கைச் சற்றுச் சுருக்கி மூச்சின் வேகத்தைக் கூட்ட வேண்டும், அளவைக் கூட்டினால் சத்தம் பெரிதாகுமே தவிர ஸ்தாயி ஏறாது. க ம, க ம என்று அந்த ரெண்டை மட்டும் தினம் ஐந்து நிமிஷம் மெதுவாக ஊது. ம அப்போதும் கரகரத்தால் விரல் ஓரத்தில் மூச்சு கசிகிறது என்று அர்த்தம். சற்று அழுத்தி ஊதிவிட்டு விரலை எடுத்துப் பார், தோலில் துளையின் தடம் முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறை மாதிரி தெரிகிற விரல்தான் குற்றவாளி. நுனியை விட்டு, சதைப்பற்றான இடத்தால் மூடு.

இருபது நிமிஷத்தில் ஐந்து நிமிஷம் நீண்ட ஸ்வரங்கள், பத்து நிமிஷம் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம், மிச்ச ஐந்து நிமிஷம் உனக்குப் பிடித்த எதையாவது காதால் தேடிப் பிடித்து ஊது, தப்பானாலும் பரவாயில்லை. அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை எந்த வாத்தியாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

ரெண்டு மூணு மாசத்தில் ஒரு சலிப்பு வரும். முன்னைவிட மோசமாக வாசிக்கிறோம் என்று தோன்றும். காரணம் இதுதான்: விரலைவிடக் காது சீக்கிரம் தேறிவிடும். முந்தி காதில் விழாத பிசிறெல்லாம் இப்போது விழ ஆரம்பிக்கும். நிறையப் பேர் குழலை மூட்டை கட்டுவது இங்கேதான். இதற்காகவே வாரம் ஒரு தடவை பதிவு செய்து தேதி போட்டு வை. கைப்பேசியை நாலடி தள்ளி, ஊதும் காற்று நேராக விழாத பக்கமாக வை, இல்லாவிட்டால் மூச்சின் இரைச்சல்தான் பதிவாகும். முதல் மாசத்துப் பதிவையும் மூணாம் மாசத்துப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தக் காது குழலோடு நிற்காது. அடுத்த தடவை அவிநாசிக் கோயிலில் நாதஸ்வரம் கேட்கும்போது, கூடவே விடாமல் ஒலிக்கும் ஒத்து உன் காதில் தனியாகப் பிரிந்து நிற்கும். இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்தது.

ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தால் "ஒரு பாட்டு ஊதுங்க" என்பார்கள். முதல் வருஷம் ஊதாதே. அவர்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டைக் கேட்பார்கள், நீ அதற்காகச் சாதகத்தைத் திருப்புவாய், பிறகு அன்றாடச் சந்தோஷம் அவர்கள் முகத்தைப் பார்த்து ஏறி இறங்க ஆரம்பித்துவிடும். தங்கச்சி ஒருத்தி கேட்டால் போதும்.

மூங்கிலுக்கு நம் ஊர் மாசி முதல் சித்திரை வரைக்குமான வறட்சி ஆகாது. மாசம் ஒரு தடவை நல்லெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி உள்ளும் புறமும் மெல்லத் தடவி, ராத்திரி நிழலில் தொங்கவிடு. வாசித்து முடித்ததும் உள்ளே ஈரத்தைத் துடை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் ஒரே மத்தியானத்தில் நுனி விரிசல் விடும். விரிசல் மயிரிழையாக இருக்கும்போதே பசை விட்டு நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டிவிடு.

வாங்குவதற்கு முன்னால் உன் சுண்டுவிரல் முழுதாக நீளுகிறதா என்று மட்டும் பார்த்து எழுது. அந்தப் பழைய வீக்கம் இன்னும் இருந்தால் ஐந்து கட்டையை விட்டு ஆறுக்கே போகலாம். ஐப்பசியில் அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. அப்போது உட்கார்ந்து பழமை பேசலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சுப்பிரமணி