துணைநூற்பட்டியல் மென்பொருளைத் தமிழில் சோதித்துவிட்டுப் பரிந்துரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை மென்பொருளில் தயாரிக்கும் பழக்கம் தமிழ்த் துறைகளுக்கும் வந்துவிட்டது. நூல் விவரங்களைக் கொடுத்தால் பட்டியலைத் தாமே அடுக்கித் தரும் ஜோட்டெரோ, பிப்டெக், பைபர் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் இது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஆங்கில நூல்களை ஒழுங்காக அடுக்கித் தருகிறது என்பதை மட்டும் பார்த்து, அதையே தமிழ் ஆய்வேட்டுக்கும் கட்டாயமாக்குவது தவறு. எந்தத் துறையும் பரிந்துரைக்கும் முன் தமிழ்ப் பதிவுகளைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்; சோதனைக் கோப்பை மாணவர்கள் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கவும் வேண்டும். நாற்பது பதிவுகள் இருந்தால் போதும். அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அகரவரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணைக் குறியெண்ணாகத் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. அங்கே ‘ந’வை அடுத்து ‘ன’ நிற்கிறது; ‘ற’ ‘ல’வுக்கு முன் வருகிறது; ‘வ’ ‘ழ’வுக்குப் பின் போகிறது; ‘ஜ’ ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எண்வரிசையை அப்படியே நம்பும் மென்பொருள் இனியன், இமயவரம்பன், இறையரசன், இலக்குவன், இளங்கோ என்று அடுக்கும். வர வேண்டியது இமயவரம்பன், இலக்குவன், இளங்கோ, இறையரசன், இனியன். இந்த ஐந்து பெயரும் கோப்பில் கட்டாயம் இருக்கட்டும்.

இரண்டாவது குழு விமல், விமலன், விமலா. புள்ளியின் குறியெண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் எண்வரிசையில் விமலன், விமலா, விமல் என்று வரும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது என்ற நம் முறை தலைகீழாகிவிடும். கண்ணனுக்கு முன்னால் கணேசன் வந்து நிற்பதும் இதனால்தான்.

இந்த இரு குழுக்களையும் தனித்தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இனியன் குழு தவறினால் மென்பொருள் வெறும் எண்வரிசையைப் பயன்படுத்துகிறது என்று பொருள். அந்தக் குழு சரியாக வந்து விமல் குழு மட்டும் தவறினால், யூனிகோடின் பொது வரிசை விதி வேலை செய்கிறது, தமிழுக்குரிய தனி விதி இயங்கவில்லை என்று பொருள். பொது விதி மெய்களை நம் முறைப்படியே அடுக்கும். புள்ளியை அதனால் சமாளிக்க முடியாது. பைபரில் இந்த நிலை அடிக்கடி வரும். அதில் எந்த மொழியின் விதிப்படி அடுக்குவது என்று சொல்லும் ‘சார்ட்லோகேல்’ அமைப்பில் தமிழைக் குறிப்பிடாவிட்டால் ஆவணத்தின் முதன்மை மொழியை எடுத்துக்கொள்ளும். ஆய்வேட்டு வார்ப்புரு ஆங்கிலத்துக்காகச் செய்ததாக இருந்தால் வரிசையும் ஆங்கில விதிப்படியே போகும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் பார்ப்பவருக்கும் தெரியாது.

அடுத்தது தலைப்பெழுத்து. உ. வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தையார் வேங்கடசுப்பையர். பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று சகரத்தில் வர வேண்டும். ஜோட்டெரோவில் பெயருக்கு ஒரே பெட்டி, இரு பெட்டி என இரு வகை உள்ளீடு உண்டு. ஒரே பெட்டியில் முழுவதையும் இட்டால் உகரத்துக்குப் போய்விடும். முழுப் பெயரிலிருந்து தலைப்பெழுத்தைத் தானே உருவாக்கும் மென்பொருளில் இன்னொரு ஆபத்து: முதல் குறியெண்ணை மட்டும் வெட்டி எடுத்து ‘வே’யை ‘வ’ ஆக்கிவிடும். பிப்டெக் 1980களில் எழுதப்பட்டது. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, கணினியின் சேமிப்பு அலகான பைட்டைப் பார்க்கிறது. யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட்டை மட்டும் வெட்டினால் அது எந்த எழுத்தும் இல்லை. கட்டம்தான் அச்சாகும், அல்லது ஆவணமே உருவாகாமல் நின்றுவிடும். எனவே கொம்போ காலோ உள்ள தலைப்பெழுத்துகளையும் ‘ஸ்ரீ’யில் தொடங்கும் ஒரு பெயரையும் சேர்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ‘கோ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ‘கே’யுடன் காலைச் சேர்த்தும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கோபாலின் இரு நூல்களை இரு விதமாகத் தட்டிச் சோதியுங்கள். இரண்டையும் ஒரே வடிவமாக்கும் இயல்பாக்கத்தைச் செய்யாத மென்பொருள் அவரை இரண்டு ஆசிரியர்களாக்கி ஒருவரைக் கேசவன் பக்கத்தில் வைக்கும். ஒரே ஆண்டில் வந்த நூல்களுக்கு 2014அ, 2014ஆ என்ற வேறுபாடும் இடாது.

‘கௌதமன்’ என்பதை ‘ள’கரம் போட்டுக் ‘கெளதமன்’ என்று தட்டுவது வேறு கதை. இயல்பாக்கம் இதைத் திருத்தாது. மென்பொருளே மாற்றிவிடட்டும் என்று பொத்தாம்பொதுவாக விதி எழுதினால் அதே எழுத்துச் சேர்க்கை உள்ள ‘வெளியீடு’ சிதைந்துபோகும், அது பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் சொல். ஐயத்துக்குரிய இடங்களைக் காட்டினால் போதும். திருத்துவது மனிதர் வேலை.

ஆண்டுக்கும் ஒரு பதிவு வேண்டும். பழம்பதிப்புகளில் ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1887, 1947, 2007 எதுவாகவும் இருக்கும். ஆண்டுக் கட்டத்தில் எழுத்தைக் கண்டதும் மென்பொருள் அதை வெற்றிடமாக்குகிறதா, அப்படியே அச்சிடுகிறதா, வரிசையில் எங்கே வைக்கிறது என்று பாருங்கள். வரிசைக்கென ஆங்கில ஆண்டைத் தனியாகக் கொடுக்க இடம் இருக்க வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. சரியான பட்டியலை முதலில் நெடுங்கணக்கு அறிந்த இருவர் கையால் எழுதட்டும். பதிவுகளை அதே வரிசையில் உள்ளிட்டால் சோதனையே இல்லை; எதையும் அடுக்காத மென்பொருளும் தேறிவிடும். ஒருமுறை தலைகீழாக, பின்பு கலைத்துப் போட்டு உள்ளிட்டு, இரு முறையும் கையால் எழுதிய அதே விடை வருகிறதா என்று கணினியைக் கொண்டே ஒப்பிட வேண்டும். கண்ணால் ஒப்பிட்டால் இரண்டு ‘கோ’வும் ஒன்றாகவே தெரியும். வெளியேற்றிய கோப்பை மீண்டும் உள்ளிட்டுப் பார்ப்பதும் அவசியம். பட்டியல் அமைய வேண்டிய நடையை விதிகளாக எழுத ஜோட்டெரோ சார்ந்திருக்கும் சிஎஸ்எல் நடைமொழிக்குப் பொதுச் சோதனைத் தொகுப்பு ஏற்கெனவே உள்ளது. அதில் நடைவிதி, உள்ளீடு, வர வேண்டிய விடை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கும். தமிழ்ச் சோதனைகளையும் அதே அமைப்பில் எழுதினால் மென்பொருளாளர்கள் நேரடியாக எடுத்து ஓட்டிப் பார்க்க முடியும்.

மாணவர் பயன்படுத்தும் கணினியிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். தமிழ் வட்டார அமைப்பு, அதாவது தமிழுக்குரிய வரிசை முதலிய விதிகள், நிறுவப்படாத கணினியில் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் எண்வரிசைக்குத் திரும்பிவிடும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே நாற்பது பதிவுகளை மறுபடி ஓட்டும் பொறுப்பைப் பல்கலைக்கழக நூலகமே ஏற்பது நல்லது.

இப்படிக்கு,
நூலகர்,
திருச்சி