ஏட்டையா வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

கோத்தகிரி மக்களுக்கும், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டி நின்ற, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பா காலமாகி நாற்பது நாளாகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட சேர்ந்தாற்போல இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. "உங்கப்பாவா இருந்தா இந்நேரம் வீடு வீடாப் போய்ச் சொல்லியிருப்பாரு. நீ எழுதவாவது செய்" என்றார் அம்மா. அதனால்தான் இந்த மடல்.

அப்பா சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். பதவி உயர்வு வந்த பிறகும் ஊருக்கு அவர் ஏட்டையாதான்; அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. திருடனைத் துரத்திப் பிடித்த கதை சொல்லச் சொல்லி சின்ன வயதில் நானும் தம்பியும் நச்சரிப்போம். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. அவருடைய உத்தியோகத்தில் பெரும்பகுதி ரோட்டில் நிற்பதிலேயே போனது. சீசனில் சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழியாக மலையேறி, கோத்தகிரி வழியாக இறங்கும். அந்த ஒருவழிப் பாதை நாட்களில் எங்களுக்கு அப்பா கிடையாது. ஊட்டி மலர்க் கண்காட்சியைக் குடும்பமாகப் பார்க்கப் போனதே அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். அன்றைக்கும் எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் சிக்கிக்கொண்ட ஒரு கேரளப் பேருந்துக்கு "வரலாம், வரலாம்" என்று கைகாட்டிக்கொண்டு நின்றார். அம்மா பூவைப் பார்த்தாரோ இல்லையோ, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. இறங்குகிறவன் நின்றால் மறுபடி சுலபமாகக் கிளம்பிவிடலாம். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறவன் நின்றால் வண்டி பின்னால் உருளும். இந்த ஒரு விஷயத்தில் அப்பா யாரையும் விட்டதில்லை. டாக்சி ஸ்டாண்டில் அவரிடம் திட்டு வாங்காத ஓட்டுநரோ, அபராதம் கட்டாத ஓட்டுநரோ இருக்க மாட்டார். வீட்டிலும் அதே சட்டம்தான். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும். காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு யாராவது மேலே வந்தால், பள்ளிக்கூடம் விட்டு அவசரமாக இறங்கி வந்தாலும் நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றாக வேண்டும்.

கோவையில் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே கணக்கு முடிக்க நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அப்பாவை முன்பின் பார்த்திராமல் ரத்தம் கொடுக்க வந்த நான்கு இளம் காவலர்களை மறக்க மாட்டோம். "ஏசி காத்து ஐயாவுக்குச் சேரல போல" என்று சொல்லி, அவருடைய பழைய கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்ட அந்த இரவுப் பணி நர்ஸுக்கும் நன்றி. குல்லாவோடு பார்த்தபோதுதான் அவர் எங்கள் அப்பா மாதிரி இருந்தார்.

உயிர் போனது சீசன் உச்சத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வர வேண்டும். எதிரே மலை முழுக்க இறங்கும் வண்டிகள். ஆம்புலன்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோமோ என்றுதான் இருந்தது. குஞ்சப்பனை சோதனைச் சாவடி தாண்டியதும் பார்க்கிறேன், வளைவுக்கு வளைவு நம்ம ஸ்டாண்டு வண்டி ஒன்று ஓரமாக நிற்கிறது. ஓட்டுநர் நடு ரோட்டில் நின்று, இறங்கும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறார். சீசன் சனிக்கிழமை என்றால் உங்களுக்கு எவ்வளவு வருமானம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பின்னால் அப்பாவின் பக்கத்தில் இருந்த தம்பி அப்போதுதான் முதல் தடவையாக அழுதான்.

அப்புறம், அந்த அறுபத்திரண்டு படி. மழையில் வழுக்கும் படியில் ஸ்ட்ரெச்சரை ஆடாமல் இறக்கிய பிள்ளைகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் அவரைக் குழம்பும் சோறும் கொண்டுவந்த பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) அம்மாக்களுக்கும் நன்றி. புகார் கொடுக்க வரும் பாட்டிகளுக்காகவே அப்பா படுக பாஷை கற்றுக்கொண்டார். அவர் பேசுவதைக் கேட்டு நீங்கள் சிரித்ததைத்தான் அன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். ஊரே நனைந்திருந்தபோது காய்ந்த சீகை விறகு கொடுத்து, காசு வாங்க மறுத்த விறகுக்கடை அண்ணனுக்கும், கரடி நடமாட்டம் உள்ள பாதையில் டார்ச் பிடித்துச் சுடுகாடு வரை முன்னே நடந்தவர்களுக்கும் நன்றி.

2009 நவம்பர் நிலச்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்பா அப்போது குன்னூரில் பணியில் இருந்தார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தவர், பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு மட்டும் இருந்தது. மண்ணை அள்ள மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, பிக்கப் வண்டி என்று யார் யாரிடம் எதை வாங்கினார் என்ற கணக்கு. அடுத்த விடுப்பில் எல்லாவற்றையும் கழுவி, ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். உடைந்துபோன ஒரு மண்வெட்டிக்கு மட்டும் புதுப்பிடி போட்டுக் கொடுத்தார். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னாரா என்று அம்மாவுக்கே தெரியாது.

அந்த நோட்டு மாதிரி ஒன்று நானும் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது ஏழு குடை, மூன்று கம்பளி, ஒரு பெரிய டீ கேன், மூடியில்லாத இரண்டு தூக்குப் பாத்திரம், நீலக் கைப்பிடி டார்ச் ஒன்று இருக்கின்றன. குடைகளில் நான்கு யாருடையவை என்று கண்டுபிடித்துவிட்டேன்; ஞாயிற்றுக்கிழமை தம்பி கொண்டுவந்து தருவான். மற்றவை உங்களுடையவை என்றால் தகவல் சொல்லுங்கள், நாங்களே மேலே ஏறி வந்து கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஏட்டையாவின் மூத்த மகள்