ஒரு தடவை சொன்னால் போதாதா? நட்சத்திர ஓட்டல்களின் உணவுப் பிரிவு மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. கொஞ்சம் அரித்துவிட்டு அடங்கிவிடும் ரகம் இல்லை. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு முட்டும் ரகம். அப்படி ஆனால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி இல்லாமல் நான் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. வெளியூர் போனால் பெரிய ஓட்டலாகப் பார்த்து அறை எடுப்பதும் இதனால்தான். அங்கே பயிற்சி பெற்ற சமையல்காரர்கள் இருப்பார்கள், கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்று நம்பித்தான் அந்தக் காசைக் கொடுக்கிறோம்.

கடைசியாகத் தங்கிய ஓட்டலில், அறை பதிவு செய்யும்போதே சிறப்புக் குறிப்புக்கான கட்டத்தில் எழுதினேன். போய் இறங்கியதும் வரவேற்பிலும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள் சாப்பிட ஐந்து இடங்கள்: நாள் முழுக்கத் திறந்திருக்கும் பஃபே, மாடியில் கிரில், இரவில் மட்டும் நடக்கும் உணவகம், நீச்சல் குளத்தோரம் ஒன்று, லாபியில் கேக் கவுன்ட்டர். ரூம் சர்வீஸ் தனி. ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு இடத்திலும் நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் இரவு அறைக்குத் திரும்பினால், தலையணை மேல் ஒரு சின்ன சாக்லேட் பெட்டி. மேலே என் மகளின் பெயரை அழகாகக் கையால் எழுதிய அட்டை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: நிலக்கடலை. அவள் பெயர் வரவேற்பிலிருந்து அந்த அறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவளுடைய ஒவ்வாமை வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பஃபேயில், கடலைத் தூள் தூவிய ரொட்டியை எடுத்த இடுக்கியை ஒருவர் அப்படியே பக்கத்துத் தட்டில் சாதா ரொட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும்? ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். உடனே கையில் ஜெல் தேய்த்துக்கொண்டு உதவ வந்தார். நல்ல மனம்தான். ஆனால் கிருமிநாசினி ஜெல் நிலக்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான் அகற்றும். வறுத்தாலும் பொரித்தாலும் அந்தப் புரதம் போகாது. கடலை சேர்த்த பண்டம் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தால் அதுவும் எங்களுக்கு ஆபத்துதான். இதெல்லாம் உங்கள் சமையலறைத் தலைவர்களுக்குத் தெரியும். பரிமாறுகிறவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

அதே ஓட்டலில் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞரையும் சொல்ல வேண்டும். சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்கம்மா, உள்ளே கேட்டுட்டு வரேன்" என்றார். போனவர், சாஸ் பாட்டிலையே கையில் எடுத்து வந்து லேபிளைக் காட்டினார். மூன்று நாளில் என் மகள் சாப்பிடுவதை நான் நிம்மதியாகப் பார்த்தது அந்த ஒரு வேளைதான். மாடியில் ஒருவர், "கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த வார்த்தைக்கு நான் எப்படிப் பயப்படுகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து உணவகங்களும் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைத் தந்தாக வேண்டும். அமெரிக்காவில் பொட்டல உணவின் லேபிளில் காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல், 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆகியிருக்கிறது. நல்லது. ஆனால் சட்டம் சொல்வது உணவில் என்ன இருக்கிறது என்பதை விருந்தினரிடம் சொல்லுங்கள் என்று. விருந்தினர் சொன்னதை உங்களுக்குள் நீங்கள் சொல்லிக்கொள்ளும் வேலை உங்களுடையது. தலையணை கடினமாக வேண்டுமா, மெத்தென்று வேண்டுமா என்பதைப் பதிந்துவைத்து, ஒரு வருடம் கழித்துப் போனாலும் ஞாபகமாகக் கேட்கிறீர்கள். அதே பதிவில் ஒவ்வாமையையும் ஏற்றி, அறை எண்ணைத் தட்டியதும் ஆர்டர் சீட்டின் தலையில் அது தானாக அச்சாகி வரும்படி செய்ய முடியாதா? ஐந்து உணவகத்துக்கும், ரூம் சர்வீஸுக்கும், தலையணை மேல் சாக்லேட் வைப்பவருக்கும்?

பஃபேயில் கடலைப் பண்டங்களை வரிசையின் கடைசியில், தனி இடுக்கியோடு வையுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பரிமாற, யாரும் தொடாத உணவைச் சமையலறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுங்கள். என் மகளுக்கு மற்றப் பிள்ளைகள் மாதிரி தட்டைத் தூக்கிக்கொண்டு தானே போய் எடுக்க ஆசை. இப்போதைக்கு அது வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அறை பதிவு செய்யும்போதும் அதே கட்டத்தில் அதே வரியைத்தான் எழுதுவேன். அந்த வரியை உங்கள் ஓட்டலில் யார் யார் படிப்பார்கள் என்பதை மட்டும் பதில் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்