மெராரியரின் சுமை

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆன செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. கடிதத்தின் பிற்பகுதிதான் என்னை யோசிக்க வைத்தது. இத்தனை ஆண்டுகள் வேதபாட வகுப்பு நடத்திய உன்னிடம், இனி ஆலயத்தின் சாவியையும் திருவிருந்துப் பாத்திரங்களையும் கவனித்துக்கொள்ளும்படி சபைக் கமிட்டி சொல்லியிருப்பதாகவும், இதையும் ஊழியம் என்று சொல்லலாமா என்று மனம் கேட்பதாகவும் எழுதியிருந்தாய்.

வேதத்தில் எண்ணாகமம் நான்காம் அதிகாரத்தை ஒரு முறை நிதானமாக வாசித்துப் பார். பாலைவனப் பயணத்தில் வாசஸ்தலமாகிய ஆராதனைக் கூடாரத்தைச் சுமக்கும் வேலை, லேவி கோத்திரத்தின் மூன்று வம்சங்களுக்கு அங்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கோகாத்தியருக்குப் பத்துக் கட்டளைகள் இருந்த சாட்சிப்பெட்டியும் குத்துவிளக்கும் பீடங்களும் கிடைக்கின்றன, கெர்சோனியருக்குத் திரைகள். மெராரியருக்கு வந்ததோ பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், அவற்றைத் தாங்கும் பாதங்கள், கூடார முளைகள், கயிறுகள். 30 வயது முதல் 50 வயது வரையுள்ள 3,200 ஆண்களின் வாழ்நாள் வேலை இது. ஆனால் சுமக்க வேண்டியவற்றைப் பேர்பேராக எண்ணி ஒப்புவிக்க வேண்டும் என்ற கட்டளை வருவது இவர்களைப் பற்றிய பகுதியில்தான். பாலைவனத்தில் ஒரு முளை தொலைந்துபோனால் கயிற்றை இழுத்துக் கட்ட இடமிராது என்பதைக் கர்த்தர் அறிந்திருந்தார் என்றே நான் அதை வாசிக்கிறேன்.

பத்தாம் அதிகாரத்தில் வரும் பயண ஒழுங்கு இன்னும் அழகானது. கெர்சோனியரும் மெராரியரும் முன்னே புறப்பட வேண்டும். பரிசுத்தமானவற்றைச் சுமக்கும் கோகாத்தியர் பின்னால் வந்து சேருவதற்குள் வாசஸ்தலம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அதாவது, பலகையும் பாதமும் சுமந்தவர்கள் வேலையை முடிக்கும்வரை சாட்சிப்பெட்டியை இறக்கி வைக்க இடமில்லை.

கோகாத்தியனாகிய கோராகின் கதை உனக்குத் தெரியும். கிடைத்த பணிவிடை போதாதென்று ஆசாரியப் பட்டத்தையும் தேடியபோது, கர்த்தர் உங்களைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டது அற்பகாரியமோ என்று மோசே கேட்டார். அவன் அழிந்தான், அவனுடைய குமாரரோ சாகவில்லை என்று எண்ணாகமம் 26ஆம் அதிகாரம் சொல்கிறது. பல தலைமுறைகள் கழித்து, தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்ளுவேன் என்ற 84ஆம் சங்கீதம் கோராகின் புத்திரருடையது என்ற தலைப்போடு வருகிறது. முதலாம் நாளாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் அந்த வம்சத்தார் வாசல் காக்கிறார்கள். அதே அதிகாரத்தில் காலைதோறும் கதவைத் திறக்கும் பொறுப்பும், ஆராதனைப் பாத்திரங்களாகிய பணிமுட்டுகளை எண்ணி உள்ளே கொண்டுபோய் எண்ணி வெளியே கொண்டுவரும் வேலையும் லேவியருக்கு ஒப்புவிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மத்தித்தியா என்ற கோராகியனுக்குச் சட்டிகளில் செய்யப்படும் பலகாரங்களின் விசாரிப்பு. சாவியும் பாத்திரமும் உன் கைக்கு வந்திருக்கிறதே, இந்த வரிசையில் உன்னையும் வைத்துப் பார்க்கிறேன்.

என் பங்கும் சிறியதுதான். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு பாடகர் குழுவில் நிற்க முடியவில்லை. இப்போது சனிக்கிழமை மாலையில் பாட்டு எண் பலகையைத் துடைத்து, 6ஐயும் 9ஐயும் தலைகீழாகச் செருகிவிடாதபடி பார்த்துப் பார்த்து வைக்கிறேன். மறுநாள் சபையார் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்து ஒன்றாகப் பாடத் தொடங்கும்போது, அந்தப் பாட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று உண்மையாகவே உணருகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாழ்மையின் பெயரால் ஒருவர்மேல் பாரத்தைக் குவித்துவிட்டு வாயை அடைப்பது வேதத்தின் வழி அல்ல. மெராரியர் சுமந்த பாதங்களில் 100 பாதங்கள் வெள்ளியால் ஆனவை. ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கும் மேல். அதனால்தான் கோத்திரங்களின் பிரபுக்கள் வண்டிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தபோது, மோசே கெர்சோனியருக்கு 2 வண்டிகளும் 4 மாடுகளும், மெராரியருக்கு 4 வண்டிகளும் 8 மாடுகளும் அவரவர் வேலைக்குத் தக்கதாகக் கொடுத்தார். முழங்கால் வலியோடு அதிகாலையில் நீ தனியாக ஆலயத்தின் கனத்த கதவுகளைத் திறக்க வேண்டியதில்லை. வாலிபர் ஒருவரை உன்னோடு அனுப்பும்படி கமிட்டியிடம் தயங்காமல் கேள். பாத்திரங்களை எண்ணும் முறையை அவருக்கும் கற்றுக்கொடு.

உன் அன்பு நண்பன்