சனிக்கிழமை புல்மோட்டை சைக்கிள் ஓட்டம்

வணக்கம் எல்லாருக்கும். சனி விடிய 5 மணிக்குத் திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கவும், 5.15க்கு வெளிக்கிடுவோம், யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் (போன முறை அரை மணித்தியாலம் காக்க வைத்தவருக்கு இது விளங்கும்). நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, திரியாய் வழியாகப் புல்மோட்டை, சுமார் 55 கிலோமீட்டர். நிலாவெளி தாண்டியதும் முடிந்தவரை கடற்கரைப் பக்க ஊர் ஒழுங்கைகளாலேயே போவோம், மணல் இறுகின இடம் பார்த்து உருட்டலாம், மெல்லிய ரயர் போட்டவர்கள் இறங்கித்தான் தள்ள வேண்டும்.

கச்சான் காற்று (மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று) தொடங்கிவிட்டது. போகும்போதும் திரும்பும்போதும் பக்கவாட்டில் அடித்துக் காலைக் கழற்றிவிடும். அதனால் இரவு அங்கே தங்கி, ஞாயிறு வெயில் ஏறமுதல் திரும்புகிறோம். பொழுதுபட்டால் காட்டுப் பக்க ரோட்டில் ஓட்டமில்லை, யானை வரும்.

ஆளுக்கு 2 ரியூப் கட்டாயம். போன முறை என் பின் ரயரில் முள் ஏறி, சொலூசன் (ரியூப் ஒட்டும் பசை) குப்பியைத் திறந்தால் உள்ளே காய்ந்து கட்டி! பிறகென்ன, குச்சவெளி வரை உருட்டித்தான் போனேன். தண்ணீர் 3 லீற்றராவது வேண்டும். றொட்டியும் சம்பலும் நான் கொண்டுவருகிறேன், பிளேன்டீக்குக் கடை இருக்கு. வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள்.