கம்பியைக் கட்டிய கயிறு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஷார்ஜா வேலையை விட்டுவிட்டு வந்து, மெஷினில் கை மாட்டாமல் இருக்கப் பாதுகாப்பு ஏற்பாடு செய்து கொடுக்கிற என் கம்பெனியில் பங்கு சேரலாமா, சேமிப்பையும் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உடனே வாடே என்று எழுதத்தான் கை துடித்தது. இரண்டு நாள் ஆறப்போட்டேன். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளையில் நடந்த சங்கதியைக் கேட்டுவிட்டு நீயே முடிவு பண்ணு.

உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற ரோலரை இப்போது பலரும் மோட்டாரில் ஓட்டுகிறார்கள். கையால் சுற்றிய காலத்தில் விரல் மாட்டினால் சுற்றுகிறவரே நிறுத்திவிடுவார். மோட்டாருக்குக் கண்ணா இருக்கிறது? உறைந்த பால்கட்டி வழுக்கும், அதை நுனிவிரலால் தள்ளிக் கொடுக்க வேண்டும். அரை அங்குலம் கூடப் போனால் ரோலர் இழுத்துக்கொள்ளும். நான் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி வைத்துக் கொடுத்தேன். கை இழுபட்டால் உடம்பு முன்னால் போய்க் கம்பியில் முட்டும், முட்டினதும் மோட்டார் நிற்கும். மோட்டார் மட்டும் நின்றால் போதாது, ஓடிய வேகத்தில் ரோலர் இன்னும் கால் சுற்று போனாலே விரல் போய்விடும். அதனால் பிரேக் வைத்த மோட்டார். பெரிய ரப்பர் ஆலைகளில் பண்டே உள்ள ஏற்பாடுதான், என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கம்பியைத் தும்புக்கயிற்றால் பின்னால் இழுத்து, அசையாமல் கட்டிப் போட்டிருந்தது. யார் கட்டினது என்றேன். ஷீட் அடிக்கிற அக்கா சொன்னார்கள்:

“நான்தான் தம்பி. சவம், நூறு தடவ நிக்குது. அதுக்குள்ள கட்டி இறுகிப் போச்சுன்னா ரோலர்ல கேறாது பாத்துக்கிடுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் கைக்குத்தானே இது என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் ஷீட் அடிப்பதை மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். அந்த அக்கா என் தோளுயரம்கூட இருக்கமாட்டார்கள். நான் கம்பி வைத்தது என் இடுப்பை அளந்து! அவர்களுக்கு அது வயிற்றுக்கு மேலே வருகிறது. கட்டியைத் தூக்கி வைக்க ஒவ்வொரு தடவையும் எக்கிச் சாய்கிறார்கள், சாயும்போதெல்லாம் மெஷின் ஆள் மாட்டிக்கொண்டதாக நினைத்து நிற்கிறது. 4 அங்குலம் இறக்கி, கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தேன். அப்புறம் வீணாக நிற்கவில்லை. கயிறு இப்போது அவர்கள் ஆட்டுக் கழுத்தில் கிடக்கிறது.

இன்னொரு இடத்தில், ஈத்தாமொழி பக்கம் ஒரு தும்பு ஆலையில், நிறுத்துகிற சுவிட்சின் வயரை எலி கடித்து மெஷின் நின்றுவிட்டது. முதலாளி போனில் சத்தம் போட்டார். கோணம் பாலிடெக்னிக்கில் நமக்குச் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா, நிறுத்துகிற சுவிட்சில் அழுத்தினால் தொடர்பு அறுபட வேண்டும், சேரக் கூடாது? வயர் அறுந்தாலும் அதே கதிதான். எலி கடித்து நின்றதால்தான் அது சரியாக வேலை செய்கிறது அண்ணாச்சி என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தை வெட்டிவிட ஒரு ரிலே போதாதா, எதற்கு இரண்டு என்று அடுத்த கேள்வி. ஒன்றின் காண்டாக்ட் ஒட்டிப் போனாலும் மற்றது விடுவிக்கும், ஒட்டினது சரியாகும்வரை திரும்பக் கிளம்பவும் விடாது. நீ அங்கே பேனலில் பார்க்கும் பில்ஸ் கம்பெனியின் மஞ்சள் டப்பா, 1987-இல் வந்த பினோஸ் பாதுகாப்பு ரிலே, இதற்காகப் பிறந்ததுதான். அந்தக் கம்பெனி 1948-இல் கண்ணாடி ஊதுகிற பட்டறையாகத் தொடங்கியது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, நம்முடையது வெல்டிங் பட்டறைதானே.

மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தபடி ஓட்டுகிற பெட்டி பி.எல்.சி., அதற்கு வழி போட்ட டிக் மோர்லியும் பட்டறைப் புத்திக்காரர்தான். அவருடைய கம்பெனி எடுத்த 84-ஆவது வேலை என்பதால்தான் முதல் பெட்டிக்கு 084 என்று பெயர். அதில் காற்றாடி கிடையாது, வெளிக்காற்றே உள்ளே போகக் கூடாது என்று மூடி வைத்தார்கள். குளச்சல் ஐஸ் பிளாண்டில் உப்புக்காற்று தின்ற பேனலைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனுசனை நினைத்துக்கொள்வேன்.

திருவனந்தபுரத்து ஜென்ரோபோட்டிக்ஸ் கம்பெனிப் பையன்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். குற்றிப்புரத்தில் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்த கூட்டாளிகள். 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோக்காரரும் செத்துப் போனார்களே, அதுதான் அவர்களைக் குடைந்தது. 2018-இல் சாக்கடையைச் சுத்தம் செய்கிற பாண்டிகூட் என்ற ரோபோவைக் குழிக்குள் இறக்கினார்கள். எனக்குப் பிடித்தது ரோபோவைவிட அடுத்து செய்த காரியம்: முன்பு குழிக்குள் இறங்கியவர்களையே மேலே நிறுத்தி, அதை இயக்கப் பழக்கினார்கள். கொள்ளாம், இல்லையா?

பணக் கணக்குக்கு வருகிறேன். மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பழைய 1948 சட்டப்படி அது தொழிற்சாலை; 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அது இருபது பேர். விளைக்குள் ஒரு கொட்டகை, ஒரு ரோலர், இரண்டு பேர் என்றால் கேட்பார் யாருமில்லை. விரல் போன வீட்டுக்காரரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும்தான் என்னிடம் வாங்குகிறார்கள். போன மாதம் மழையில் பால்வெட்டும் இல்லை, வசூலும் இல்லை. அதனால் உன் சேமிப்பை இப்போது தொடாதே. லீவில் வா. ஒரு மாதம் என்கூடச் சுற்று, வாளி நான் தருகிறேன்.

வரும்போது காந்த சுவிட்ச் நாலைந்து கிடைத்தால் எடுத்து வா, இங்கே விலை கடித்து எறிகிறது. அம்மாவைப் போன ஞாயிறு பார்த்தேன். முட்டுவலிதான், வேறொன்றுமில்லை. நீ போன் பண்ணுவது குறைந்துவிட்டதாம்.

உன் கோணம் கூட்டாளி